எல்லாம் நலம் என்று சொன்ன ஸ்கிரிப்ட்

சம்பளச் சீட்டில் கணினிப் பொறுப்பாளர் என்று கௌரவமாகத்தான் அச்சாகியிருக்கும். ஆனால் அந்த லிஃப்ட் கம்பெனியில் யார் வாயிலும் அது நுழைவதில்லை. எல்லோருக்கும் அவர் டப்பாக்காரர்.

பெயர் வந்த கதைக்கு அவரேதான் காரணம். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தட்டிக்கொட்டி சர்வராக மாற்றிய நாளில் முதலாளியம்மா வந்து, "உள்ள என்னதான்யா இருக்கு?" என்று கேட்டார். கன்டெய்னர் என்று சொன்னால் துறைமுகத்தை நினைப்பார் என்று, "டப்பாம்மா. ஒவ்வொரு புரோகிராமையும் தனித்தனி டப்பாவுல போட்டு மூடி வெச்ச மாதிரி. ஒண்ணு கெட்டா இன்னொண்ணுல நாத்தம் அடிக்காது" என்றார். நல்ல விளக்கம்தான். ஆனால் பின்னால் நான்கு மெக்கானிக்குகள் நின்றிருந்தார்கள். மாலைக்குள் பெயர் நிலைத்துவிட்டது.

மொத்தம் ஐந்து டப்பாக்கள். புகார் டப்பாவில், எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றது என்கிற விவரம். படங்கள் டப்பாவில், ஊரிலுள்ள பழைய லிஃப்ட்களின் வயரிங் படங்கள். பல கம்பெனிகள் மூடிப்போன பிறகும் அவை செய்த லிஃப்ட்கள் ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன, அவற்றின் படம் வேறு எங்கும் கிடைக்காது. உதிரிப் பாகங்களுக்கு ஒரு டப்பா. இந்த மூன்றுக்கும் அடியில் தரவுத்தளம். ஐந்தாவதற்கு அவர் வைத்த பெயர் வாசல். வெளியிலிருந்து ஆபீஸ் சர்வருக்குள் நுழைய வேண்டுமென்றால் அந்த டப்பா வழியாகத்தான் வர வேண்டும்.

சர்வர் இருந்த இடம் முன்பு விளக்குமாறு வைக்கும் அறை. இப்போதும் விளக்குமாறு அங்கேதான் இருக்கிறது. மழைக்காலத்தில் மெக்கானிக்குகள் சொட்டச் சொட்ட ரெயின்கோட்டைக் கொண்டுவந்து சர்வரின் மேலேயே போடுவார்கள். "சூடா இருக்குல்ல, சீக்கிரம் காயும்" என்று காரணமும் சொல்வார்கள். ஒருமுறை அவர் 'இங்கே துணி போடாதீர்' என்று எழுதி ஒட்டினார். மறுநாள் அந்தக் காகிதத்தின் மேல் ஒரு தொப்பி தொங்கியது.

டப்பாக்களை மேய்ப்பதற்கு அவர் பெரிய மென்பொருள் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. தானே எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட்கள்தான், சர்வர் வரிசையாகச் செய்ய வேண்டிய கட்டளைகளின் பட்டியல்கள். எழுப்பு, படுக்கவை, துடை, நகலெடு என்று ஒவ்வொன்றுக்கும் பெயர். ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து வரி. முதலாளியம்மாவின் அண்ணன் மகன் பெரிய கம்பெனியில் வேலை பார்ப்பவன், ஒருநாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இன்னுமா கையால எழுதிட்டிருக்கீங்க? இதுக்கெல்லாம் இப்ப தனி சிஸ்டமே இருக்கு. டப்பா விழுந்தா அதுவே தூக்கி நிறுத்தும்" என்றான்.

"நூறு கப்பல் வர்ற இடத்துக்கு அது சரி தம்பி. அஞ்சு டப்பாவுக்குத் துறைமுகம் கட்டச் சொல்றீங்களே."

சொன்னபோது நன்றாகத்தான் இருந்தது. மெக்கானிக்குகள் கூடச் சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு எந்த டப்பா எப்போது படுத்தாலும் அவரேதான் ஓடிவந்து எழுப்ப வேண்டியிருந்தது. தானாக எழும்படி ஆரம்பத்தில் வைத்துத்தான் பார்த்தார். கரண்ட் வந்ததும் ஐந்தும் ஒரே நேரத்தில் எழுந்து ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. தரவுத்தளம் கண் விழிப்பதற்குள் புகார் டப்பா அதைத் தேடிப் பார்த்துவிட்டு, காணோம் என்று செத்துப்போனது. அந்தக் கோபத்தில் அதை எடுத்துவிட்டார். ஆள் பார்த்து வரிசையாக எழுப்பினால்தான் ஒழுங்கு என்று முடிவு கட்டினார். அந்த ஆள் யார் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

டப்பாவோடு போயிருந்தாலும் பரவாயில்லை. பிரிண்டரில் காகிதம் சிக்கினால் அவர். ஏசியில் தண்ணீர் சொட்டினால் அவர். முதலாளியம்மாவின் போனில் பாட்டு மாற வேண்டுமென்றாலும் அவர். லிஃப்ட் கம்பெனியில் அவர் பார்க்காத ஒரே பொருள் லிஃப்ட்தான். லீவு என்று வாயெடுத்தால், "நீ போயிட்டா டப்பாவ யாருய்யா பாக்கறது?" என்பார் முதலாளியம்மா. சிரித்துக்கொண்டேதான் கேட்பார். அந்தச் சிரிப்புதான் அவருக்கு எரியும்.

வீட்டில் அவர் மனைவி மருந்துக்கடையில் பில் போடும் வேலை பார்த்தாள். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் காலேஜ் வாசல் மிதித்தவர்கள் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே நின்றுபோன படிப்பை, மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு என்று தொடங்கினாள். பஸ்ஸில் நின்றுகொண்டு படித்தாள். மருந்துக்கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் இருமல் மருந்துப் பாட்டில்களுக்குப் பின்னால் புத்தகத்தை விரித்துவைத்துப் படித்தாள். ஒரு பேப்பரில் தவறினாள். ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, மறுபடி எழுதித் தேறினாள். இந்தக் காலம் முழுக்க அவளைத் தேர்வு மையத்தில் கொண்டுபோய் விட வேண்டிய காலைகளிலெல்லாம் எப்படியோ ஒரு டப்பா படுத்துக்கொள்ளும். "உங்க டப்பாங்களுக்கு என் பரீட்சை டைம்டேபிள யாரு குடுத்தா?" என்று கேட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விடுவாள்.

பட்டமளிப்பு விழா அழைப்பு வந்தது. வேறு ஊர், காலைப் பஸ்ஸில் போய் மாலையில் திரும்பலாம். பட்டம் வாங்குபவரோடு ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி. அவளுடைய தங்கை வருகிறேன் என்றாள், மகள் அழுதாள். இரண்டு பேருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு அந்தச் சீட்டை அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்கதான் வரணும். நான் மேல ஏறும்போது நீங்க பாக்கணும். அவ்வளவுதான், வேற எதுவும் வேணாம்."

"வராம? முத ஆளா உக்காந்திருப்பேன்."

இந்த முறை வாய்வார்த்தையோடு நிற்கவில்லை, நிஜமாகவே ஏற்பாடு செய்தார். புகார் மேசையில் போன் எடுக்கும் பெண்ணின் கம்ப்யூட்டர் திரையில் ஒரு படம் வைத்தார். அதை அமுக்கினால், சர்வரில் அவள் பேரில் இருக்கும் கணக்கு வழியாக உள்ளே போய் எழுப்பு ஸ்கிரிப்ட் ஓடும். டப்பாக்கள் வரிசையாக எழும். கடைசியில் பச்சை எழுத்தில் 'எல்லாம் நலம்' என்று வரும்.

"இத அமுக்கினா போதும். வேற எதையும் தொடாதம்மா."

"சிவப்பா ஏதாச்சும் வந்தா என்னண்ணா பண்றது?"

"வராது."

"போன தடவ வந்துச்சே. இங்கிலீஷ்ல கண்டபடி திட்டிச்சு. நான் பயந்துபோய் ஸ்விட்ச்சையே அணைச்சிட்டேன்ல."

அது அவருக்கு மறந்துவிடவில்லை. அந்த அணைப்பில் கெட்டதைச் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தது. எனவே ஸ்கிரிப்ட்டில் இன்னொரு வேலையும் செய்தார். பிழைச் செய்தி எது வந்தாலும் திரைக்கு வராமல் குப்பைக்குப் போகும்படி திருப்பிவிட்டார். பிறகு தன் மேசையில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார். எல்லாம் எழுந்தன. பச்சை எழுத்து வந்தது. ஏதோ மலையைப் புரட்டியவர் மாதிரி சாய்ந்து உட்கார்ந்தார்.

விழா மண்டபத்தில் அவளுக்குக் கொடுத்த அங்கி தரையைக் கூட்டியது. தொப்பி தலைக்குப் பெரிது. இரண்டு ஹேர்பின் குத்தி நிறுத்தியிருந்தாள். கருப்பு அங்கிகளின் வரிசைக்குப் போகும் முன் கைப்பையை அவரிடம் நீட்டினாள்.

"போன ஆஃப் பண்ணுங்க."

"வைப்ரேஷன்ல போட்டிருக்கேன்."

"அதுக்குப் பேரு ஆஃப் இல்ல."

"நீ போ. நான் பாத்துக்கறேன்."

வேதியியல் முடிந்து கணிதம் போய்க்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் நடுங்கியது. எடுக்கவில்லை. நின்றது. மறுபடி நடுங்கியது. பக்கத்து நாற்காலிக்காரர், யாரோ ஒரு மாணவியின் அப்பா, திரும்பிப் பார்த்தார். வரலாறு வர இன்னும் இரண்டு துறை இருந்தது. கைப்பையைத் தன் நாற்காலியில் வைத்துவிட்டு மண்டபத்துக்கு வெளியே நடைக்கு வந்தார்.

"அண்ணா, கரண்ட் போயிடுச்சுண்ணா. இன்வெர்ட்டரும் கீ கீன்னு கத்திட்டு நின்னுடுச்சு. இப்ப கரண்ட் வந்திருச்சு. ஆனா புகார் பக்கம் திறக்கல."

"பட்டன அமுக்கினியா?"

"அமுக்கினேன்."

"என்ன வந்துச்சு?"

"எல்லாம் நலம்னு வந்துச்சு."

"அப்ப சரி. திறந்து பாரு."

"திறக்கலண்ணா."

"எல்லாம் நலம்னு வந்துச்சுன்ன?"

"நலம்னுதான் வருது. நாலு வாட்டி அமுக்கிட்டேன், நாலு வாட்டியும் நலம். ஆனா எதுவும் திறக்கல."

போனில், அந்தப் பெண்ணுக்குப் பின்னாலிருந்து முதலாளியம்மாவின் குரல் கேட்டது. மெக்கானிக்குகளில் மூத்தவரான கயிறு அண்ணன் ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் மெஷின் ரூமில் பேனலைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறாராம். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் கயிற்றைத் தொட்டுப் பார்ப்பதால் அவருக்கு அந்தப் பெயர். வயரிங் படம் வேண்டுமாம். மேல்மாடியில் பல் டாக்டர் இருக்கிறார். வீங்கிய கன்னத்தோடு படியேறுகிறவர்கள் எல்லோரும் கம்பெனி நம்பருக்குப் போன் போட்டுத் திட்டுகிறார்களாம்.

நானே உள்ளே நுழைந்து பார்த்துவிடலாம் என்று போனில் தட்டினார். சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் பொறி தட்டியது. வெளியிலிருந்து நுழையும் வாசலும் ஒரு டப்பா. அதுவும் படுத்திருக்கிறது. வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்துவிட்டு, உள்ளே யாராவது இருந்தால் திறங்கள் என்று தட்டிக்கொண்டிருக்கிறார்.

தூணில் சாய்ந்தபடி ஸ்கிரிப்ட்டை மனதுக்குள் வரிவரியாக ஓட்டினார். முதல் வரியிலேயே நின்றார். அங்கே ஒரு சின்ன வளைகோடு போட்டிருந்தார். அந்தக் குறிக்கு, 'வீட்டுக்குப் போ' என்று அர்த்தம். சர்வரில் ஒவ்வொருவர் கணக்குக்கும் ஒதுக்கிய இடத்துக்கு வீடு என்று பேர்; டப்பாக்களின் அமைப்புக் கோப்புகள் எல்லாம் அவருடைய வீட்டில்தான் இருந்தன. ஆனால் யார் ஓட்டுகிறார்களோ அவர்கள் வீட்டுக்குத்தான் அது போகும். அவர் ஓட்டியபோது அவருடைய வீட்டுக்குப் போனது. புகார் மேசைப் பெண் ஓட்டியபோது அவளுடைய வீட்டுக்குப் போனது. அங்கே காலி. எழுப்ப ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு வரியும் பிழை, பிழை என்று கத்தியிருக்கும்; கத்தியதெல்லாம் குப்பைக்குப் போயிருக்கும். கடைசி வரி மட்டும் எதையும் விசாரிக்காமல் வந்து நின்று, எல்லாம் நலம் என்றிருக்கும். எது எழுந்தாலும் எழாவிட்டாலும் அதைச் சொல்லும்படி எழுதியவர் அவர்தான்.

"அண்ணா? இருக்கீங்களா?"

"இருக்கேன். என் பேர்ல உள்ள போகணும். நான் சொல்றத அப்படியே அடி."

அடித்தாள். பாஸ்வேர்டு கேட்டது.

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா?"

"ஆமாண்ணா. ரெண்டு கையாலயும் அடிக்கணும்ல. அம்மாவும் இங்கதான் நிக்கறாங்க."

டப்பாக்காரர் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். வேறு வழியில்லை.

"இ. பி. பி. ஏ."

"ம்."

"எல். இ. இ. வி. யு."

"அண்ணா, எழுத்தே விழல."

"பாஸ்வேர்டு அடிக்கறப்ப விழாதும்மா. அது அப்படித்தான். அடி."

"எப்படிண்ணா தெரியாமலே அடிக்கறது?"

"நம்பி அடி!"

நடையில் இருந்த காவலாளி உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். மறுமுனையில் முதலாளியம்மா எழுத்துக் கூட்டும் முணுமுணுப்பு கேட்டது. "இ, பி, பி, ஏ... எப்ப... லீவு. எப்ப லீவு? யோவ், இதான் பாஸ்வேர்டா?"

"அது சும்மா ஞாபகத்துக்கு வெச்சதும்மா."

"யார் ஞாபகத்துக்கு?"

பதில் சொல்லாமல் தப்பிக்க வழி கிடைத்தது. பாஸ்வேர்டு தப்பு என்று வந்திருந்தது. கேப்ஸ் லாக் எரிகிறதா என்று பார்க்கச் சொன்னார். எரிந்துகொண்டிருந்தது. மறுபடி முதலிலிருந்து. அதற்குள் மண்டபத்து ஒலிபெருக்கியில் புவியியல் என்று கேட்டது. அடுத்தது வரலாறு.

"அம்மா, நான் உள்ள போகணும். என் வீட்டுக்காரி பேர் கூப்பிடப் போறாங்க."

"போயேன், யாரு வேணாம்னா? ஒரே ஒரு நிமிஷம் இத முடிச்சுட்டுப் போ. பாதியில விட்டுட்டுப் போனா இந்தப் பொண்ணு என்னய்யா பண்ணும்?"

கதவுக்கும் அவருக்கும் நடுவில் பத்தடி தூரம்கூட இருக்காது. ஒரு நிமிடம்தானே என்று தோன்றியது. அவருடைய பிழைப்பு முழுக்க இந்த ஒரு நிமிடங்களால் ஆனது.

"உள்ள போயிட்டேண்ணா! இப்ப?"

"எழுப்பு. இ, இஸட், எச்..."

தரவுத்தளம் எழுந்தது. அது கண் விழிக்கும்வரை ஸ்கிரிப்ட் காத்திருந்தது; காத்திருக்கச் சொல்லி எழுதியதும் அவர்தான். புகார் எழுந்தது. படங்கள் எழுந்தது. உதிரி எழுந்தது. வாசல் எழுந்தது. எல்லாம் நலம் என்று வந்ததாக அந்தப் பெண் சொன்னாள். இந்த முறை அவர் நம்பவில்லை.

"கயிறு அண்ணனுக்குப் போன் போட்டு, படம் திறக்குதான்னு கேளு. அவர் வாயால சொல்லணும்."

இன்னொரு போனை அருகில் வைத்து அவள் பேசியது இங்கே கேட்டது. கயிறு அண்ணனின் குரலும் கேட்டது, டம்ளர் வைக்கும் சத்தத்தோடு.

"படமா? அது அப்பவே தேவப்படலம்மா. ரெண்டாவது மாடிக் கதவு காண்டாக்ட்ல ஸ்குரு லூஸு. டைட் வெச்சேன், ஓடுது. டீ சாப்பிட்டிட்டிருக்கேன். ஏன், டப்பா ஏதாச்சும் படுத்துக்கிச்சா?"

உள்ளே கைதட்டல் எழுந்து அடங்கியது.

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது மேடையின் மறுபக்கப் படிகளில் கருப்பு அங்கி ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையால் அங்கியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவர் பார்த்தது அவளுடைய முதுகைத்தான். ஒலிபெருக்கி அதற்குள் வேறு யாருடைய பெயரையோ சொல்லிக்கொண்டிருந்தது.

விழா முடிந்து வெளியே மரத்தடியில் நின்றார்கள். சுற்றிலும் குடும்பங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தன. அவள் சான்றிதழ்க் குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஹேர்பின்களைப் பிடுங்கினாள்.

"பாத்தீங்களா?"

பார்த்தேன் என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எதையும் விசாரிக்காமல், பச்சை எழுத்தில். அவர் அதை விழுங்கினார்.

"இல்ல. பாக்கல."

அவள் ஹேர்பின்னை வாயில் கடித்தபடி அவரையே பார்த்தாள்.

"தெரியும். மேடையிலேர்ந்து பாத்தேன். உங்க நாற்காலியில என் கைப்பைதான் உக்காந்திருந்துச்சு. அதுகூட நிமிர்ந்து உக்காந்திருந்துச்சு."

"டப்பா..."

"பேரச் சொல்லாதீங்க. பாத்தேன்னு மட்டும் சொல்லியிருந்தீங்கன்னா நீங்க தனி பஸ்லதான் வந்திருக்கணும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாதி வழி வரை அவள் வாய் திறக்கவில்லை. ஒரு பேப்பரில் தவறிய நாளில் இருந்த அதே முகம். மன்னிப்பு கேட்க இரண்டு முறை வாயெடுத்தார். இரண்டு முறையும் கண்டக்டர் வந்தார். ஊர் நெருங்கும்போது, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எம்.ஏ. சேரப் போறேன். அது முடியறதுக்குள்ள அந்தச் சனியனுங்களுக்குத் தானா எந்திரிக்கக் கத்துக்குடுங்க. இல்லாட்டி அந்தச் சீட்ட என் தங்கச்சிக்குக் குடுத்துடுவேன்."

மறுநாள் ஆபீசில் முதலாளியம்மா அவரைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "அந்தப் பாஸ்வேர்ட மாத்துய்யா" என்பது. லீவைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை.

விளக்குமாறு அறைக்குப் போய், சர்வர் மேல் கிடந்த ரெயின்கோட்டைத் தூக்கிக் கதவுக்கு வெளியே எறிந்தார். ஸ்கிரிப்ட்டைத் திறந்தார். வளைகோட்டை அழித்துவிட்டு முழு விலாசத்தையும் எழுதினார். அந்த இடத்துக்குப் போக முடியாவிட்டால் மேற்கொண்டு ஒரு வரியும் ஓடாமல் அங்கேயே நில் என்று எழுதினார். கரண்ட் வந்ததும் ஆள் அமுக்கக் காத்திராமல் இந்த ஸ்கிரிப்ட்டே முதலில் ஓடும்படி வைத்தார். பிழைகளைக் குப்பைக்குத் திருப்பியதை எடுத்தார். கடைசி வரியை அழித்தார். அந்த இடத்தில் ஒவ்வொரு டப்பாவையும் தட்டிப் பார்த்து, பதில் சொல்லாததைப் புகார் மேசைத் திரையில் சிவப்பில், தமிழிலேயே பேர் சொல்லிக் காட்டும்படி எழுதினார். அண்ணன் மகன் சொன்னதில் பாதியை இப்போது தானே கையால் எழுதிக்கொண்டிருப்பது புரிந்தது. எரிச்சலாகத்தான் இருந்தது.

பிறகு தன் மேசைக்குப் போகவில்லை. புகார் மேசைப் பெண்ணை எழுப்பிவிட்டு அவளுடைய நாற்காலியில், அவளுடைய கணக்கில் உட்கார்ந்தார். வேண்டுமென்றே வாசல் டப்பாவின் அமைப்பில் ஒரு வரியைக் கெடுத்துவிட்டு, சர்வரின் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகும்படி ஒரு மெக்கானிக்கிடம் சொன்னார்.

திரை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு எழுத்து வந்தது. அந்தப் பெண் ஒரு அடி பின்னால் போனாள்.

"அண்ணா, சிவப்பு!"

"இருக்கட்டும். ஸ்விட்ச் பக்கம் போகாத. என்ன எழுதியிருக்குன்னு படி."

அவள் குனிந்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"வாசல் எழவில்லை."